சாண எரிவாயுவில் கந்தகம் அளப்பது எப்படி? வழியிலேயே தொலையும் பிபிஎம்

சாண எரிவாயுவைச் சுத்திகரித்து சிபிஜியாக (அழுத்தப்பட்ட உயிரிவாயு) விற்க, ஐஎஸ் 16087 என்ற இந்தியத் தரப்படி மொத்தக் கந்தகம் கன மீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கணக்கிட்டால் 14, 15 பிபிஎம்தான் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இவ்வளவு சிறிய அளவில் பிழை பெரும்பாலும் கருவியில் வருவதில்லை. மாதிரி கருவியை எட்டுமுன்பே கந்தகம் தொலைந்துவிடுகிறது. உண்மையில் எல்லை தாண்டிய வாயுகூட 'பாஸ்' ஆகிவிடும், அதுதான் ஆபத்து.

முதலில் பாதுகாப்பு. சுத்திகரிக்காத வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற இந்த நச்சு வாயு ஆயிரக்கணக்கான பிபிஎம் இருக்கலாம். 100 பிபிஎம் அளவிலேயே மூக்கு வாசனை உணர்வை இழந்துவிடும். வாடை இல்லையென்று நம்பி இறங்காதீர்கள். அலாரம் கருவியை உடையில் மாட்டிக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

படி 1: பித்தளை, செம்பு, ரப்பர் எதுவும் மாதிரி செல்லும் வழியில் வேண்டாம். டெஃப்லான் குழாய், முடிந்தவரை குட்டையாக. ரெகுலேட்டர் துருப்பிடிக்காத எஃகில், உட்பூச்சு உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: சாணம் நொதிக்கும் கலனிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சூடாக வரும் ஈர வாயு, குழாயில் ஆறியதும் துளித்துளியாகத் தண்ணீர் விடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2.6 லிட்டர் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கரைத்துக்கொள்ளும். அம்மோனியாவும் சேர்ந்தால் இன்னும் அதிகம். எனவே குழாயை மிதமாகச் சூடாக்கி வையுங்கள். உள்ளே ஒரு துளி தெரிந்தாலும் அந்த அளவீட்டை நம்ப வேண்டாம்.

படி 3: டெட்லார் பையை (வாயு மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை) நைட்ரஜனால் இருமுறை, மாதிரி வாயுவால் மூன்று முறை நிரப்பிக் காலி செய்யுங்கள். பிறகு முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, வெயில் படாமல் மூடிவையுங்கள். அன்றைக்கே அளந்துவிடுங்கள், 24 மணி நேரம் தாண்டினால் அந்தப் பை வேண்டாம். அதிகக் கந்தகம் பிடித்த பையைக் குறைந்த அளவுக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள், பழையது சுவரிலிருந்து கசிந்து வரும்.

படி 4: அளவுதிருத்தம், அதாவது செறிவு தெரிந்த வாயுவை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது. வாயுக் குரோமட்டோகிராஃபில் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) சுடர் ஒளி உணரி (சுடரில் கந்தகம் தரும் ஒளியை அளப்பது) இருந்தால், கந்தகம் இரு மடங்கானால் சமிக்ஞை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரே சிலிண்டரை வைத்து நேர்கோடு போட்டால் மற்ற அளவுகள் எல்லாம் தவறும். குறைந்தது மூன்று செறிவுகள், மடக்கை வரைபடம். மீத்தேனும் கந்தகமும் ஒரே நேரத்தில் வெளிவந்தால் சமிக்ஞை அமுங்கிவிடும். கருவியின் பிரிப்புக் குழாயில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். கையடக்க மின்வேதி சென்சாருக்கு வேறு சிக்கல்: அதற்கு ஆக்சிஜன் தேவை, எரிவாயுவில் அது இல்லை. இடையிடையே சுத்தமான காற்று விடாவிட்டால் எண் மெல்லச் சரியும்.

படி 5: இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், இதுதான் மிக முக்கியம். 10 பிபிஎம் அளவுதிருத்த வாயுவை முதலில் கருவியின் வாயில் நேராக விடுங்கள். அடுத்து அதே வாயுவை மாதிரிக் குழாயின் தொலைமுனையிலிருந்து விடுங்கள். எண் ஏறி நிற்கும்வரை காத்திருங்கள். புதிய குழாய் சுவர் நிறையும்வரை கந்தகத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். நேரில் 10, குழாய் வழியாக 9-க்கும் கீழே என்றால் குழாயில் இழப்பு இருக்கிறது. முதலில் வடிகட்டியையும் இணைப்பு முனைகளையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.