புளோரிடா காப்பீட்டுச் சட்டம்: 24 மணி நேரம் முடித்தால் மட்டும் போதாது

அமெரிக்காவில் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. 1945-ல் வந்த மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. ஜார்ஜியாவில் படித்ததை புளோரிடாவில் அப்படியே பயன்படுத்த முடியாது. அதிலும் 2021 முதல் 2023 வரை புளோரிடாவின் வீட்டுக் காப்பீட்டுச் சட்டம் மூன்று முறைக்கு மேல் திருத்தப்பட்டது. அங்கே ஏஜென்ட், அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிட்டு கிளெய்மைத் தீர்ப்பவர்) லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தொடர்கல்வியை எப்படி முடிப்பது, படித்ததைக் கையிலிருக்கும் கிளெய்முக்கு எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம்.

முதலில் மணிக்கணக்கு

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்த மாதத்தின் கடைசி நாளுக்குள் 24 மணி நேரம் முடிக்க வேண்டும். அதில் 4 மணி நேரம் சட்டம், தொழில் நெறி பற்றிய கட்டாய அப்டேட் கோர்ஸ். மீதி 20 மணி நேரம் நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது. லைசென்ஸ் எடுத்து 6 ஆண்டு ஆகியிருந்தால் இந்த 20 என்பது 16 ஆகும். 25 ஆண்டு அனுபவத்தோடு சி.பி.சி.யு. (காப்பீட்டுத் துறையின் தொழில்முறைப் பட்டம்) போன்ற பட்டமும் இருந்தால் 6 மணி நேரம் போதும். கட்டாய 4 மணி நேரத்தில் மட்டும் யாருக்கும் சலுகை இல்லை.

பலர் தடுக்கி விழுவது இந்த 4 மணி நேரத்தில்தான். அப்டேட் கோர்ஸ் லைசென்ஸ் வகைக்கு ஏற்ப மாறும். 2-20 பொதுக் காப்பீட்டு ஏஜென்ட்டுக்கு ஒன்று, 2-15 ஆயுள்-மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட்டுக்கு ஒன்று, 6-20 அட்ஜஸ்டருக்கு ஒன்று. விலை குறைவு என்று வேறு வகைக்கான கோர்ஸை எடுத்தால் கட்டாயப் பகுதி நிலுவையிலேயே நிற்கும். கூடுதலாகப் படித்த மணிகளை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அப்டேட் கோர்ஸை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக முடிக்க வேண்டும். நீங்கள் முடித்ததை மாநில நிதிச் சேவைத் துறைக்குத் தெரிவிப்பது கோர்ஸ் நடத்துபவரின் வேலை. அது பதிவாக நாள் பிடிக்கும் என்பதால் கடைசி வாரம்வரை இழுக்காமல், துறையின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

எந்தத் தேதியின் சட்டம்?

கோர்ஸ்கள் இன்றைய சட்டத்தைச் சொல்லும். உங்கள் மேசையில் இருக்கும் பாலிசியோ நேற்றைய சட்டத்துக்குள் இருக்கலாம். எனவே எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாலிசி வழங்கிய அல்லது புதுப்பித்த தேதி, இழப்பு நேர்ந்த தேதி, நிறுவனத்துக்குத் தகவல் போன தேதி. உரிமையைப் பாதிக்கும் சட்டத்திருத்தம் ஏற்கெனவே நடப்பிலிருந்த பாலிசிக்குப் பின்னோக்கிப் பாயாது என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னதுதான் இதற்கு அடிப்படை. எது உரிமை, எது வெறும் நடைமுறை என்பதில் கீழ் நீதிமன்றங்கள் முட்டிக்கொள்வதுண்டு. வழக்குப் போடும் முன் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2021-ல் வந்த விதி பழைய பாலிசிகளுக்கும் பொருந்தும் என்றது நான்காம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆறாம் மாவட்டம் அதை ஏற்கவில்லை.

ஓர் உதாரணம். 2022 ஜூனில் புதுப்பித்த பாலிசி. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரை கடந்தது. அப்போது 2021 சட்டம் நடப்பில் இருந்தது. கிளெய்ம் தர 2 ஆண்டு, துணைக் கிளெய்முக்கு (அதே புயலின் கூடுதல் சேதத்துக்குப் பின்னர் கேட்பது) 3 ஆண்டு. இதையே 2024 அக்டோபர் 9 அன்று கரை கடந்த மில்டன் புயலுக்குப் போடுங்கள். செனட் மசோதா 2-ஏ 2022 டிசம்பர் 16 அன்று சட்டமாகிவிட்டதால் கெடு 1 ஆண்டாகச் சுருங்கியது, துணைக் கிளெய்முக்கு 18 மாதம். அதாவது 2025 அக்டோபர் 9, 2026 ஏப்ரல் 9. புயலில் ஓடு எந்த நாளில் பறந்தது என்பது கணக்கில் வராது. புயல் கரை கடந்ததாக அமெரிக்க வானிலை-கடலாய்வு அமைப்பு உறுதிசெய்த தேதிதான் இழப்புத் தேதி.

இங்கே இன்னொரு பள்ளம் உண்டு. முன்பே காட்டிய சேதத்துக்கு, மூடிய கிளெய்மைத் திறந்து கூடுதல் பணம் கேட்டால் அது 'மறுதிறப்பு'. அதற்கு 18 மாதம் கிடையாது, 1 ஆண்டுதான். அதே புயலால் வந்த வேறு சேதம், அல்லது பழுதுபார்க்கும்போது கூடிய செலவு என்றால்தான் துணைக் கிளெய்ம். கடிதத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கேட்பது எந்தச் சேதத்துக்கு என்று பாருங்கள்.

நிறுவனத்தின் கெடுவும் இறுகியது. தகவலுக்கு 7 நாளில் பதில், சேத உறுதிமொழி (சேத விவரத்தை உறுதிசெய்து வீட்டுக்காரர் தரும் அறிக்கை) கிடைத்த 30 நாளுக்குள் நேரடி ஆய்வு, தகவல் கிடைத்த 60 நாளுக்குள் பணம் அல்லது மறுப்பு. முன்பு இந்த 60 என்பது 90 நாள். 2023 ஜனவரி 1 முதல் வழங்கிய வீட்டுப் பாலிசிகளில், கூரை வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் போன்றவரிடம் கிளெய்ம் உரிமையை எழுதிக்கொடுப்பது செல்லாது. வழக்கில் வென்றால் வக்கீல் கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும் என்ற பழைய ஏற்பாடு வீட்டுப் பாலிசிகளுக்கு 2-ஏ-வோடு போனது. மற்றவற்றுக்கு 2023 மார்ச் 24 அன்று கையெழுத்தான பிரதிநிதிகள் சபை மசோதா 837-ஓடு போனது.

மசோதாவை நேரடியாகப் படிப்பது

சுருக்கக் குறிப்புகளை நம்பிக் காலம் தள்ள வேண்டாம். சட்டமன்றத் தளத்தில் மசோதாவைத் திறந்தால், நீக்கிய சொற்கள் குறுக்குக் கோட்டோடும் சேர்த்தவை அடிக்கோட்டோடும் இருக்கும். கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். எப்போது அமலுக்கு வருகிறது, எந்தப் பாலிசிக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலும் அங்கேதான். ஒரே சட்டத்தில் வெவ்வேறு பிரிவுக்கு வெவ்வேறு தேதி இருக்கலாம். 2-ஏ-வில் 7, 60 நாள் கெடுக்கள் 2023 மார்ச் 1-ல்தான் அமலுக்கு வந்தன. சட்டமன்றக் கூட்டத்தொடர் 60 நாள். ஒற்றை ஆண்டுகளில் மார்ச்சில் தொடங்கும், இரட்டை ஆண்டுகளில் அண்மைக்காலமாக ஜனவரியில். ஜூலை 1 அன்று அமலாகும் சட்டங்கள் அதிகம் என்பதால் விருப்பக் கோர்ஸ்களை ஆகஸ்டுக்குப் பிறகு எடுப்பது நல்லது.

ஏஜென்ட்டுகள் சிட்டிசன்ஸ் (புளோரிடா மாநிலம் உருவாக்கிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனம்) நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். காற்றுச் சேதக் காப்பு உள்ள வீட்டுக்கு வெள்ளக் காப்பீடும் கட்டாயம் என்ற விதி வீட்டின் மதிப்பு வாரியாகப் படிப்படியாக வருகிறது: 6 லட்சம் டாலரும் அதற்கு மேலும் என்றால் 2024, 5 லட்சமும் மேலும் என்றால் 2025, 4 லட்சமும் மேலும் என்றால் 2026, எல்லோருக்கும் 2027 ஜனவரி 1. அந்தந்த வீட்டுக்காரருக்குப் புதுப்பிப்புத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டாட்சி வெள்ளக் காப்பீட்டில் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு.