பார்ட்னர்ஷிப்: சேரும்போது செய்யும் தவறுகளும் விலகும்போது செய்யும் பெரிய தவறும்

போன மாதம் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒன்றாகப் படித்தவர்கள். அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தொழில் ஆரம்பிக்கப் போகிறார்கள், ஒருவர் பணம் போடுகிறார், மற்றவர் மெஷினையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வார். "டீட் எழுதிட்டீங்களா?" என்று கேட்டேன், அதாவது கூட்டாண்மைப் பத்திரம். "எங்களுக்குள்ள எதுக்குண்ணா அதெல்லாம்" என்றார் பணம் போடுகிறவர், மற்றவரும் தலையாட்டினார். பல வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொன்னவன். அதனால் அவர்களை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜிஎஸ்டி பதிவு, லைசென்ஸ், வரி கட்ட வேண்டிய தேதி, இதெல்லாம் இதில் இருக்காது. எந்த ஆடிட்டரும் முதல் நாளே சொல்லிவிடுவார். யாரும் சொல்லாத, நாலைந்து வருஷம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கும் சில தவறுகள் மட்டும். எல்லாமே இந்தியச் சட்டப்படி, முக்கியமாக 1932ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி.

எழுதாமல் விட்டால் சட்டம் எழுதிக்கொள்ளும்

டீட் இல்லாவிட்டாலும் பார்ட்னர்ஷிப் உண்டு. லாபத்தைப் பிரித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு சேர்ந்து தொழில் நடத்தினாலே போதும், வாய்வார்த்தையே செல்லும். ஆனால் நீங்கள் பேசாமல் விட்ட இடங்களை 13ஆவது பிரிவு நிரப்பிவிடும். அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்: லாபமும் நஷ்டமும் சரிசமம், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும். வேலை பார்த்ததற்காக எந்தப் பார்ட்னருக்கும் சம்பளம் கிடையாது. முதலுக்கு வட்டி தருவதாகப் பேசியிருந்தால்கூட அது லாபத்திலிருந்து மட்டும்தான். முதலுக்கு மேல் யாராவது கைப்பணம் போட்டால் அதற்கு வருஷத்துக்கு 6 சதவீதம் வட்டி.

இதை அந்த இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பணம் போடுகிறவர் மனதில் 70-30 என்று கணக்கு வைத்திருந்தார். உழைக்கிறவர் மாதச் சம்பளம் போக மீதியில்தான் பங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. அந்த அறையிலேயே இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

டீட் எழுதும்போது இன்னொன்று. காலம் எதுவும் குறிப்பிடாமல், எப்படி முடித்துக்கொள்வது என்றும் சொல்லாமல் விட்டால் அது விருப்பக் கூட்டாண்மை ஆகிவிடும். யாராவது ஒருவர் மற்றவர்களுக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தாலே நிறுவனம் கலைந்துவிடும், பிரிவு 43. சண்டை வந்த வாரத்தில் இந்த நோட்டீஸ் வந்தால் கையில் இருக்கும் ஆர்டர் எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

கையெழுத்து மட்டும் போட்ட காசோலை

யாருக்கும் கொடுக்காதீர்கள், பார்ட்னருக்கும் கூட.

விலகும்போது யாருக்கும் சொல்லாமல் வருவது

இதைத்தான் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன், இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது, பத்துப் பேர் விலகினால் ஒன்பது பேர் இதே தவறைத்தான் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து லேபிள் அச்சடிக்கும் தொழில் நடத்தினோம். நிறுவனத்தைப் பதிவும் செய்திருந்தோம். ஐந்தாவது வருஷம் எனக்கு ஒத்துவரவில்லை, விலகினேன். மனஸ்தாபம் எதுவும் இல்லை. கணக்குப் பார்த்தோம், என் பங்கை வாங்கிக்கொண்டேன், "இன்றைய தேதியிலிருந்து இவருக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை, இனி வரும் கடன்கள் மற்ற இருவரையே சேரும்" என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அதை ஃபைலில் வைத்துவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு வருஷம் இரண்டு மாதம் கழித்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. காகிதம் சப்ளை செய்தவரின் வக்கீல் நோட்டீஸ். ஆறு லட்சத்து எண்பதாயிரம் பாக்கி, மூன்று பேரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் கட்ட வேண்டும் என்று. கூடவே பில் நகல்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தேன், ஒன்றுகூட நான் இருந்த காலத்துப் பில் கிடையாது. கடைசியில் ஒரு ஆர்டர் கடிதம், எங்கள் பழைய லெட்டர்பேடில். மேலே வலது ஓரத்தில் பார்ட்னர்கள் பெயர் மூன்று, நடுவில் என் பெயர், பக்கத்தில் என் செல் நம்பர். நான் போன பிறகும் மிச்சமிருந்த லெட்டர்பேடை வீணாக்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சப்ளையருக்கு போன் செய்தேன். "நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தானே சார் சரக்கு அனுப்பினேன். போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றார். அவரிடம் முதன்முதலில் கடனுக்குச் சரக்குப் பேசியதே நான்தான். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை, மூன்று கேள்வி கேட்டார். நிறுவனப் பதிவாளருக்கு (பார்ட்னர்ஷிப் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அதிகாரி) தெரியப்படுத்தினீர்களா? அரசிதழில் போட்டீர்களா? பேப்பரில் விளம்பரம் கொடுத்தீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றேன்.

சட்டம் இதுதான். பிரிவு 32: ஒருவர் விலகினாலும், பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, மற்றவர்கள் நிறுவனத்தின் பெயரில் செய்யும் காரியங்களுக்கு வெளியாட்களிடம் அவரும் பொறுப்பு. நீங்கள் பார்ட்னர் என்றே தெரியாமல் வியாபாரம் செய்தவர் மட்டும் உங்களைக் கேட்க முடியாது. தெரிந்தவர் கேட்கலாம். பிரிவு 25 படி முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கவும் உரிமை உண்டு. நாங்கள் மூன்று பேர் எழுதிக்கொண்ட தாள் எங்கள் மூன்று பேருக்கு இடையில் செல்லும், அதை வைத்து நான் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் மற்ற இருவரிடம் கேட்கலாம். கேட்டேன். ஒருவர் போனையே எடுக்கவில்லை, இன்னொருவர் கொஞ்சம் கொடுத்தார். என் கையிலிருந்து போனது நாலு லட்சத்துக்கு மேல், பதினோரு மாதத் தவணையில்.

இதில் என்னை ரொம்ப வதைப்பது, தடுப்பதற்கு ஆகியிருக்கக்கூடிய வேலை எவ்வளவு சின்னது என்பதுதான். பிரிவு 72 அந்தப் பொது அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பதிவான நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் ஒரு பிரசுரம், தொழில் நடக்கும் மாவட்டத்தில் ஓடும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலாவது ஒரு விளம்பரம். பதிவாகாத நிறுவனத்துக்கு அரசிதழும் நாளிதழும் போதும். மற்ற பார்ட்னர்கள் செய்வார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம், விலகுகிறவரே கொடுக்கலாம் என்று அதே 32ஆவது பிரிவில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை.

இரண்டே பேர் நடத்தும் நிறுவனத்தில் ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தனி ஒருவரால் பார்ட்னர்ஷிப் நடத்த முடியாது, எனவே நிறுவனமே கலைந்துவிடும். ஆனால் அங்கேயும் 45ஆவது பிரிவு இருக்கிறது, கலைந்ததைப் பொதுவில் அறிவிக்கும்வரை பொறுப்பு தொடரும். தப்பிக்க வழி இல்லை.

அறிவிப்பு கொடுத்தாலும் முடியாத மூன்று விஷயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நீங்கள் இருந்தபோது ஏற்பட்ட பழைய கடன். விலகுவதால் அது போகாது. கடன் கொடுத்தவரும் மீதமிருக்கும் பார்ட்னர்களும் உங்களோடு ஒப்புக்கொண்டு உங்களை விடுவித்தால்தான் போகும். அதனால் விலகும் நாளில் பாக்கிப் பட்டியலை எடுத்துவைத்து, பெரிய சப்ளையர் ஒவ்வொருவரிடமும் விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பங்கைப் பிரியுங்கள்.

இரண்டு, பேங்க். ஓவர்டிராஃப்ட், சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கு என்று தொழிலுக்கு எடுத்த பேங்க் கடன் எதற்காவது தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது பார்ட்னர் என்ற முறையில் வரும் பொறுப்பிலிருந்து தனி. கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128 சொல்கிறது, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. இனி நடக்கும் வரவுசெலவுக்கு ஜாமீனைத் திரும்பப் பெறுகிறேன் என்று பேங்குக்கு எழுதுங்கள், அதோடு நிற்காமல் பேங்க் உங்களை விடுவித்ததாக எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் வாயால் "சரி பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி வராதீர்கள்.

மூன்று, ஜிஎஸ்டி. மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 90 படி, பார்ட்னர் விலகிய தேதியை ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தெரிவித்தால் விலகிய தேதிவரை உள்ள வரி, வட்டி, அபராதத்தோடு உங்கள் பொறுப்பு நிற்கும். தெரிவிக்காவிட்டால், தகவல் அவர் கைக்குப் போய்ச் சேரும் நாள்வரை ஏறிக்கொண்டே இருக்கும். என்னைப் பார்க்க வருகிறவர்களில் இதைக் கேள்விப்பட்ட ஒருவரைக்கூட இன்னும் நான் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த லெட்டர்பேடு. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை, இணையப் பக்கம், உங்கள் பெயர் இருக்கிற எல்லாவற்றையும் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், மிச்சமிருப்பதைக் கண்முன்னால் கிழித்துப் போடச் சொல்லுங்கள். உங்களைப் பார்ட்னர் என்று காட்டிக்கொள்வதைத் தெரிந்தே அனுமதித்தால் 28ஆவது பிரிவில் நீங்கள் பார்ட்னர் மாதிரியே பொறுப்பாவீர்கள்.

"அவன் வாங்கியதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

நீங்களும்தான் பொறுப்பு. வழக்கமான தொழில் காரியங்களில் ஒவ்வொரு பார்ட்னரும் நிறுவனத்தின் ஏஜெண்ட். ஐம்பதாயிரத்துக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று டீடில் கட்டுப்பாடு போட்டிருந்தாலும், அது தெரியாமல் சரக்கு கொடுத்தவரை அந்தக் கட்டுப்பாடு கட்டாது. முக்கியமான சப்ளையர்களுக்கு அந்த ஒரு பத்தியைக் கடிதமாக அனுப்பிவையுங்கள்.

நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் விடுவது

பதிவு கட்டாயமில்லை என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தத்தில் வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, பிரிவு 69. அவர் உங்கள் மேல் போடலாம், நீங்கள் அவர் மேல் போட முடியாது. பார்ட்னர்களுக்குள்ளும் கலைத்துக் கணக்குக் கேட்கிற வழக்குத் தவிர மற்றதெல்லாம் கஷ்டம். பிரச்சினை வரும்போது பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வழக்குப் போடும் நாளில் பதிவு இருக்க வேண்டும், போட்ட பிறகு செய்தால் அந்த வழக்கு நிற்காது. இதில் இன்னொரு பொறி: வழக்குப் போடுகிறவர்கள் பெயரெல்லாம் பதிவேட்டில் பார்ட்னராக இருக்க வேண்டும். இடையில் ஒருவரைச் சேர்த்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால் அங்கேயே வாதம் ஆரம்பித்துவிடும்.

பெயரைப் பதிவு செய்தால் பிராண்டும் நமக்குத்தான் என்று நினைப்பது

இல்லை. டிரேட்மார்க் தனிச் சட்டம், தனி விண்ணப்பம்.

வெளியாள் எழுதித் தந்த சாஃப்ட்வேர்

சம்பள ஆள் வேலையின் பகுதியாக எழுதினால் பதிப்புரிமை (காப்பிரைட்) முதலாளிக்கு. வெளியிலிருந்து ஒருவரை வைத்து எழுதினால், காசு முழுதும் கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றித் தரும்வரை உரிமை அவருக்கே. மாற்றும் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடுங்கள், குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றே கொள்ளப்படும்.

பாக்கியை இழுக்க விடுவது

விற்ற சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி 3 வருஷம். "அடுத்த மாசம் தரேன்" என்று போனில் சொன்னதெல்லாம் அந்தக் கெடுவை நீட்டாது. கெடு முடிவதற்குள் அவர் கையெழுத்தோடு பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் ஆரம்பிக்கும். அதனால் நான் ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31 கணக்கைப் போட்டு, பாக்கி இவ்வளவு என்று ஒரு பக்கக் கடிதம் இரண்டு பிரதி அனுப்புகிறேன், ஒன்றில் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) செய்திருந்தால் இன்னொரு பிடியும் உண்டு, 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்டவர் ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் கட்ட வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, சரக்கு அனுப்பத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள், பில்லிலும் அந்த எண்ணைப் போடுங்கள்.

அந்த இரண்டு பேரும் நேற்று டீட் நகலை அனுப்பியிருந்தார்கள். லாபம் 60-40, உழைக்கிறவருக்கு மாதச் சம்பளம், எல்லாம் தெளிவாக இருந்தது. விலகும் பத்தியில் நாளிதழ் விளம்பரச் செலவு யாருடையது என்று இல்லை, அதைச் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.