கப்பல் வந்துவிட்டது, விமானம் எங்கே? கடற்படை பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதுகாப்புத் துறை பற்றி எழுத விரும்பும் இளைஞர்கள் சிலர் தங்கள் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும்படி எனக்கு அனுப்புவதுண்டு. கடந்த சில மாதங்களில் வந்த ஐந்தும் இந்தியக் கடற்படையின் எதிர்காலம் பற்றியவை. உழைப்புக்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவற்றில் நான்கில், நான் எழுத வந்த புதிதில் செய்த பிழைகள் வார்த்தை மாறாமல் அப்படியே இருந்தன. ஒருவருக்கு எழுதிய விளக்கத்தையே அடுத்தவருக்கும் அனுப்ப நேர்ந்தபோது, எல்லோருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடல் மைலைக் கிலோமீட்டராக எடுத்துக்கொள்வது, கப்பலின் பெயரையும் அதன் வகுப்பின் பெயரையும் குழப்புவது போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவற்றை ஒரு முறை சுட்டிக்காட்டினால் போதும், மறுபடி வருவதில்லை.

வகைப்பெயரை வைத்து வலிமையை அளப்பது

போர்க்கப்பல் வகைகளில் கார்வெட்டைவிட ஃபிரிகேட் பெரியது, ஃபிரிகேட்டைவிட நாசகாரி பெரியது என்று படித்திருப்பீர்கள். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் 7,000 டன்னைத் தாண்டும், அதற்குப் பெயர் ஃபிரிகேட். நம் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் சுமார் 7,400 டன், அதற்குப் பெயர் நாசகாரி. ஜப்பானின் இசுமோ ‘ஹெலிகாப்டர் நாசகாரி’ என்ற பெயரில் கட்டப்பட்டது. 2021 அக்டோபரில் அதன் மேல்தளத்தில் அமெரிக்க மரைன் படையின் எஃப்-35பி போர் விமானம் இறங்கியது. பெயர் சூட்டுவதில் அரசியல் இருக்கிறது. கப்பலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இணைப்பு விழாவன்றே திறன் வந்துவிட்டதாக எழுதுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதிகம் சொல்லப்போவதும் இதைப் பற்றித்தான்.

2014 ஆகஸ்டில் ஐ.என்.எஸ். கமோர்ட்டா விசாகப்பட்டினத்தில் கடற்படையில் இணைந்தது. கொல்கத்தாவில் கட்டிய, நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே வடிவமைத்த கார்வெட் அது. செய்திக்குறிப்பில் இருந்த நீளம், அகலம், வேகம், ஆயுதங்கள் எல்லாவற்றையும் அடுக்கி, “இனி வங்கக் கடலில் எந்த நீர்மூழ்கியும் இதன் காதுக்குத் தப்பாது” என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கிருந்த பெருமிதம் இப்போதும் நினைவிருக்கிறது.

கப்பலுக்குப் பின்னால் நீண்ட வடத்தில் இழுத்துச் செல்ல வேண்டிய சோனார், அதாவது நீருக்குள் ஒலியைக் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் கருவி, அன்று அதில் இல்லை. வானிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் ஏவுகணைகளும் இல்லை. சோனார் இல்லாதது சிறிய குறையன்று. நம் வெப்பமண்டலக் கடலில் மேல்நீர் சூடாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் இருக்கும். அந்த இரண்டும் சந்திக்கும் அடுக்கில் ஒலி வளைந்து திசைமாறிவிடும். கப்பலின் அடிப்பகுதியில் பொருத்திய சோனாருக்கு அந்த அடுக்கின் கீழே பதுங்கும் நீர்மூழ்கியின் ஓசை சரியாக எட்டாது. அதனால்தான் சோனாரை வடத்தில் கட்டி, அடுக்குக்குக் கீழே இறக்கி இழுத்துச் செல்கிறார்கள். நான் ‘காது’ என்று எழுதிய கப்பலுக்குப் பாதிக் காதுதான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 2018 தொடக்கத்தில் ஆசியக் கடற்படைகளை ஒப்பிட்டு ஒரு சிறுநூலைச் சொந்தச் செலவில் 600 பிரதிகள் அச்சிட்டேன். நடுவில் ஒரு பெரிய அட்டவணை: விமானந்தாங்கி இத்தனை, நாசகாரி இத்தனை, நீர்மூழ்கி இத்தனை. 2017 டிசம்பரில் இணைந்த ஐ.என்.எஸ். கல்வாரி நீர்மூழ்கியையும், நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் புத்தம்புதிய டார்பிடோக்களோடு அதில் சேர்த்திருந்தேன். உண்மையில் அந்த வகுப்புக்கென்று தேர்ந்தெடுத்த இத்தாலிய பிளாக் ஷார்க் டார்பிடோ கொள்முதல் 2016-லேயே ரத்தாகியிருந்தது. ஹெலிகாப்டர் பேர ஊழலில் அந்த நிறுவனக் குழுமத்தின் பெயர் அடிபட்டதே காரணம். முந்தைய தலைமுறை ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்காக வாங்கிய பழைய டார்பிடோக்களோடுதான் கல்வாரி கடலுக்குப் போனது.

வேலூரில் அந்தச் சிறுநூலைப் பற்றிய ஒரு கூட்டம் முடிந்ததும், கடற்படை விமானப் பிரிவில் தொழில்நுட்பப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அட்டவணைப் பக்கத்தை விரித்து, ஃபிரிகேட்டுகளின் வரிசையில் விரலை வைத்தார்.

“தம்பி, இவை ஒவ்வொன்றிலும் ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. உள்ளே ஹெலிகாப்டர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?”

“இல்லை ஐயா.”

“அப்படியானால் நீங்கள் கொட்டகைகளை எண்ணியிருக்கிறீர்கள்.”

வீட்டுக்கு வந்து மூன்று நாட்கள் தேடினேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. நீர்மூழ்கி எதிர்ப்புக்கு நம்பியிருந்த சீ கிங் ஹெலிகாப்டர்கள் முதுமை அடைந்திருந்தன, பறக்கக்கூடியவை குறைவாக இருந்தன. புதியவற்றுக்கான ஒப்பந்தம் 2020-இல்தான் கையெழுத்தானது. 24 எம்.எச்.-60ஆர் ஹெலிகாப்டர்கள். அவற்றின் முதல் அணி கொச்சியில் பணிக்கு வந்தது 2024 மார்ச்சில். இடைப்பட்ட காலம் முழுவதும் என்னைப் போன்றவர்கள் கொட்டகைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். மீதமிருந்த 400 பிரதிகளை விற்பதை நிறுத்தினேன். ஆனால் அந்த அட்டவணை அதற்குள் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் பாடக்குறிப்பில் ஏறிவிட்டது. எத்தனை மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள் என்று எண்ணும்போது இன்றும் மனம் உறுத்துகிறது. பணம் போனதைவிட அதுதான் பெரிய இழப்பு.

இதே தவறு இப்போது ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கியின் பெயரில் வருகிறது. எனக்கு வந்த கட்டுரை ஒன்று இப்படித் தொடங்குகிறது: “2022 செப்டம்பர் 2 முதல் 30 விமானங்களோடு இந்தியப் பெருங்கடலைக் காக்கும் விக்ராந்த்...” அந்தத் தேதியில் கொச்சியில் கப்பல் இணைந்தது உண்மை. 262 மீட்டர் நீளம், சுமார் 20,000 கோடி ரூபாய் செலவு. இத்தகைய கப்பலை உள்நாட்டிலேயே கட்டியது பெரும் சாதனை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் போர் விமானம் அதில் முதன்முதலாக இறங்கியது 2023 பிப்ரவரி 6-இல். தேஜஸின் கடற்படை வடிவமும் மிக்-29கேயும் அன்று இறங்கின. இரவில் மிக்-29கே இறங்கியது அந்த ஆண்டு மே மாதம். இரவில் இயங்க முடியாத விமானந்தாங்கி பாதி நாள் மட்டுமே போர்க்கப்பல்.

அந்த 30 விமானங்கள் எங்கிருந்து வரும்? நாம் ரஷ்யாவிடம் வாங்கிய மிக்-29கே விமானங்கள் மொத்தம் 45. நம் இன்னொரு விமானந்தாங்கியான விக்ரமாதித்யாவுக்கும் விக்ராந்துக்கும் பங்கு போட வேண்டியவை அவைதான், பயிற்சிக்கும் அவைதான், விபத்துகளில் சிலவற்றை இழந்ததும் அவற்றிலிருந்துதான். 2016-இல் வந்த சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, ஒற்றை இருக்கை மிக்-29கேக்களில் பறக்கத் தயாராக இருந்தவை 15.93 முதல் 37.63 சதவீதம் வரைதான் என்று பதிவு செய்தது. பத்து விமானங்கள் நின்றால் அதிகபட்சம் நான்கு கிளம்பும் நிலை. அந்தக் காலகட்டத்துக்கான கணக்கு அது, அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் அப்படியொரு கணக்கு உண்டு என்பதே அந்தக் கட்டுரையில் இல்லை.

2025 ஏப்ரலில் பிரான்சுடன் கையெழுத்தான 26 ரஃபேல் ஒப்பந்தத்திலும் இதே பாடுதான். எல்லோரும் 26 என்றே எழுதுகிறார்கள். அவற்றில் 22 ஒற்றை இருக்கை, நான்கு இரட்டை இருக்கை. இரட்டை இருக்கை வடிவம் கப்பலில் இறங்கக்கூடியது அன்று, தரைத்தளத்தில் பயிற்சிக்கானது. ஆகவே மேல்தளத்துக்கான எண் 22. அனைத்தும் வந்து சேர 2030 ஆகும். ரஃபேலின் இறக்கைகள் மடங்காதவை, விக்ராந்தின் லிஃப்டுகளோ இறக்கை மடங்கும் விமானங்களை மனத்தில் வைத்து அமைந்தவை. அதனால் எத்தனை விமானங்களைக் கீழ்த்தளத்தில் வைக்கலாம், எவ்வளவு விரைவாக மேலே கொண்டுவரலாம் என்பவை தனிக் கேள்விகளாகின்றன. விமானத்தின் உச்ச வேகத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதும் இளைஞர்கள் லிஃப்டைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைத்துத் தலைகுனிய வேண்டாம். பிரிட்டனின் குயீன் எலிசபெத் 2017 டிசம்பரில் இணைந்தது, அதன் எஃப்-35பி முதன்முதலாக அதில் இறங்கியது 2018 செப்டம்பரில். 2021-இல் அந்தக் கப்பல் ஆசியாவரை வந்தபோது மேல்தளத்தில் இருந்த 18 எஃப்-35பி விமானங்களில் பத்து அமெரிக்க மரைன் படையினுடையவை. 2010 இறுதியில் ஹாரியர் விமானங்களைக் கைவிட்ட பிறகு, கப்பலிலிருந்து பறக்கும் பழக்கம் அற்றுப்போகக் கூடாது என்பதற்காக பிரிட்டன் தன் விமானிகளையும் மேல்தளப் பணியாளர்களையும் அமெரிக்கக் கப்பல்களுக்கு அனுப்பிவைத்தது. கப்பலைப் பணம் கொடுத்துக் கட்டலாம். அசையும் தளத்தில் விமானத்தை இறக்கும் கை ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்த தலைமுறைக்குத் தானாக வராது.

விமானம் வருவதற்கு முன்பே கப்பலை இணைத்ததைக் குற்றமாகவும் எழுதாதீர்கள். கப்பலை ஓட்டவும் தீயணைக்கவும் இயந்திர அறையைப் பழகவும் மாலுமிகளுக்குக் காலம் வேண்டும். அந்த வேலை முன்கூட்டியே தொடங்குவது நல்லது. தவறு இணைத்தவர்களிடம் இல்லை. விழா நாளிலேயே அட்டவணையில் முழு மதிப்பெண் போட்டுவிடும் நம்மிடம்தான் இருக்கிறது.

ஏவுகணைக் குழல்களைக் கூட்டிப் போடுவது

அமெரிக்காவின் ஆர்லி பர்க் நாசகாரிகளில் பெரும்பாலானவற்றில் 96 செங்குத்துக் குழல்கள். விசாகப்பட்டினம் வகுப்பில் 32 பராக் ஏவுகணைகளுக்கும் 16 பிரம்மோஸுக்கும் இடம். இவற்றைக் கூட்டி, பிற நாட்டோடு ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடுகிறார்கள். ஒரே குழலில் நான்கு சிறிய ஏவுகணைகளை அடைக்க முடியும், பெரியது என்றால் ஒன்றுதான். குழல் காலியானால் என்ன ஆகும் என்பதோ இன்னும் முக்கியம். நடுக்கடலில் நிரப்ப முடியாது, துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் யேமனின் ஹூதிகள் ஏவிய ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் மாதக்கணக்கில் வீழ்த்தியபோதுதான் உலகம் இதை உற்றுக் கவனித்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கா கடலிலேயே குழலை நிரப்பும் கருவியைச் சான் டியேகோ அருகே சோதித்தது. வெற்று உறையை இறக்கிப் பார்த்த அந்தச் சோதனைக்கே அவ்வளவு கவனம் கிடைத்தது என்றால், பிரச்சினை எவ்வளவு பெரியது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பயிற்சியைப் போராக வாசிப்பது

சுவீடனின் கோட்லாண்ட் நீர்மூழ்கியை 2005 முதல் 2007 வரை அமெரிக்கா வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தது. ஒரு பயிற்சியில் அது ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கியை ‘மூழ்கடித்தது’. ‘விமானந்தாங்கிகளின் காலம் முடிந்துவிட்டது’ என்ற கட்டுரைகளில் பெரும்பாலும் இதுவே தலைச் சான்று. அமைதியாக இயங்கும் நீர்மூழ்கியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கற்பதற்காகவே அதை வாடகைக்கு எடுத்தார்கள். கற்க வந்த இடத்தில் தோற்றது, கற்றதன் ஒரு பகுதி. பயிற்சியின் எல்லைகளும் விதிகளும் தெரியாமல் அதன் முடிவை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.

திட்ட எண்ணிக்கையைக் கப்பல் எண்ணிக்கையாக எழுதுவது

அமெரிக்கா 32 சம்வால்ட் நாசகாரிகளைத் திட்டமிட்டது, கட்டியது மூன்று.

விமானந்தாங்கியா நீர்மூழ்கியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது

2020-இல் அன்றைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், மூன்றாவது விமானந்தாங்கியைவிட நீர்மூழ்கிகளுக்கு முன்னுரிமை தேவை என்ற கருத்தைச் சொன்னார். அதிலிருந்து இந்த விவாதம் பட்டிமன்றமாகிவிட்டது. நீர்மூழ்கி எதிரியை ஒரு கடற்பகுதிக்குள் வரவிடாமல் தடுக்கும். ஆனால் வணிகக் கப்பலுக்குத் துணையாகப் போய் அதற்கு வான் பாதுகாப்புக் கொடுக்க அதனால் முடியாது. மூன்று விமானந்தாங்கி வேண்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஒன்று எப்போதும் உலர்துறையில் நிற்கும் என்பது உண்மைதான். ஆயினும் முதல் இரண்டின் மேல்தளம் நிறைந்த பிறகே மூன்றாவதற்கு எஃகு வெட்ட வேண்டும் என்பது என் கருத்து. இதை மறுத்து எழுதுங்கள், மகிழ்ச்சியாகப் படிப்பேன். எந்தக் கடலில், யாருக்கு எதிராக, எந்த வேலைக்கு என்று சொல்லாமல் மட்டும் எழுதாதீர்கள்.

கணினியில் வரைந்த படத்தைப் பார்த்து மயங்குவது

படம் போருக்குப் போகாது.

கரையிலிருந்து பறப்பவற்றை மறப்பது

கடற்படை என்றால் கப்பல் மட்டுமே என்ற எண்ணம் ஐந்து கட்டுரைகளிலும் இருந்தது. நீர்மூழ்கியைத் தேடுவதில் நம்மிடம் உள்ள மிகக் கூர்மையான கருவிகளில் ஒன்று பி-8ஐ கண்காணிப்பு விமானம். நம்மிடம் 12 இருக்கின்றன. முதல் விமானம் 2013 மே மாதம் வந்து இறங்கியது அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில். அதற்கு முன் அந்த வேலையைச் செய்த நான்கு எஞ்சின் டி.யூ.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் அங்கேயே விடைபெற்றன. 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர்களிடமிருந்து ரூயன் என்ற சரக்குக் கப்பலை மீட்டு, 35 கொள்ளையர்களைச் சரணடையச் செய்து, 17 மாலுமிகளைக் காப்பாற்றியபோது, ஐ.என்.எஸ். கொல்கத்தாவோடு பி-8ஐயும் பங்கேற்றது. ஒரு கப்பல் நாள் முழுக்க ஓடித் தேடும் பரப்பை இந்த விமானம் சில மணி நேரத்தில் பார்த்துவிடும். எதிர்காலக் கடற்படை பற்றிய எந்த வாதமும் இதைச் சேர்க்காமல் நிற்காது.

ஐந்து கட்டுரைகளில் ஒன்றில்கூட அரக்கோணம் என்ற பெயர் இல்லை. எழுதியவர்களில் ஒருவர் திருத்தணிக்காரர். அந்தத் தளம் அவர் ஊரிலிருந்து கூப்பிடு தூரம், அந்த விமானங்களின் ஓசை கேட்டு வளர்ந்தவர். விக்ராந்த் பத்தியில் ‘30 விமானங்கள்’ என்பதை அடித்து, அரக்கோணம் என்று ஓரத்தில் எழுதி, கட்டுரையை அவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருத்திய பிரதிக்காகக் காத்திருக்கிறேன்.