வெளிநாட்டவரோடு முதல் மீட்டிங்: பேசுவதற்கு முன் உடம்பு என்ன பேசுகிறது?

2013 ஏப்ரலில் சியோலில் பில் கேட்ஸ், அப்போதைய தென் கொரிய அதிபர் பார்க் கியூன் ஹேயுடன் கைகுலுக்கினார். வலது கை முறையாகத்தான் நீண்டது. இடது கை மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. கொரியப் பத்திரிகைகளுக்கு அந்த இடது கையே செய்தியாகிவிட்டது. மரியாதைக் குறைவா, அமெரிக்கப் பழக்கமா என்று பெரிய விவாதமே நடந்தது.

அதற்காக நாடுவாரியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். அன்றைக்குப் பார்த்து மறந்துபோகும். மீட்டிங் நாள் எந்த வரிசையில் நடக்குமோ, அதே வரிசையில் பழகிக்கொண்டால் போதும்.

படி 1: முன்பே கேட்டுவிடுங்கள். யார் மூத்தவர், எப்படி அழைப்பது, என்ன உடை என்று எதிர்த்தரப்பு உதவியாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படிக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: வணக்கத்தை அவர்கள் தொடங்கட்டும். இரண்டு நொடி பொறுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வளைகுடா நாடுகளில் எதிர்பாலினத்தவர் தானாகக் கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள். இல்லையென்றால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை தாழ்த்தினால் போதும். ஜப்பானில் குனிவதற்கு 15, 30, 45 டிகிரி என்று கணக்கே உண்டு. வெளியாள் அளவுகோல் வைத்துக் குனிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கைகுலுக்கிக்கொண்டே குனியாதீர்கள், தலை முட்டிக்கொள்ளும்!

படி 3: விசிட்டிங் கார்டு. இதை மட்டும் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பாருங்கள். ஜப்பான், சீனா, கொரியா மூன்றிலும் இரண்டு கைகளாலும் கொடுப்பது, வாங்குவதுதான் வழக்கம். எழுத்து வாங்குபவர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வாங்கியதும் நின்று படியுங்கள். ஜப்பானில் மீட்டிங் முடியும்வரை அது மேஜைமேல் உங்கள் முன்னால் இருக்கும். பலர் இருந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே கார்டுகளை அடுக்கி வையுங்கள். பெயர் குழம்பாது என்பது கூடுதல் லாபம். கார்டின்மேல் பேனாவால் குறிப்பு எழுதுவது, பின்பாக்கெட்டில் செருகி அதன்மேலேயே உட்காருவது இரண்டும் கூடவே கூடாது.

படி 4: எவ்வளவு தள்ளி நிற்பது? அமெரிக்கர்கள் தொழில்முறைப் பேச்சில் சுமார் 1.2 முதல் 3.6 மீட்டர் வரை இடைவெளி விடுவார்கள் என்று மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் அளந்து சொன்னார். அரபு நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இன்னும் நெருங்கி நிற்பது சகஜம். அவர் ஓரடி நெருங்க, நீங்கள் ஓரடி பின்வாங்க, கடைசியில் முதுகு சுவரில் போய் முட்டும். பின்வாங்கினால் ஒதுங்குகிறீர்கள் என்று தோன்றும். காலை நகர்த்தாமல் உடம்பை மட்டும் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.

படி 5: ஆமா, இல்லையா? புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான் என்பேன். பல்கேரியாவில் தலையை இடமும் வலமும் அசைத்தால் ஆமாம், மேலும் கீழும் அசைத்தால் இல்லை. சரி, வார்த்தையை நம்பலாம் என்றால் அதிலும் ஒரு வேடிக்கை. பல்கேரிய மொழியில் ‘நே’ என்றால் இல்லை. பக்கத்து நாடான கிரேக்கத்திலோ ‘நே’ என்றால் ஆமாம்! ஜப்பானிய மொழியில் ‘ஹாய்’ என்றால் ஆமாம். ஆனால் ஜப்பானியர் ‘ஹாய்’, ‘ஹாய்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றுதான் பொருள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். பேசி முடித்ததை அன்றைக்கே எழுதி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மௌனமும் பதில்தான். ஜப்பானிலும் பின்லாந்திலும் பேச்சுக்கு நடுவே அமைதியாக யோசிப்பது இயல்பு. அந்த அமைதி தாங்காமல் நாமே விலையைக் குறைத்துவிடுகிறோம். விலையைச் சொன்னபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்புறமும் தோன்றினால் பேசலாம்.

படி 6: விரலும் காலும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து ‘ஓகே’ காட்டினால் பிரேசிலில் அது கெட்ட சைகை. 1992-இல் ஆஸ்திரேலியா போன அமெரிக்க அதிபர் மூத்த புஷ், காரிலிருந்து இரண்டு விரலைக் காட்டினார். புறங்கை வெளியே தெரியக் காட்டியதால் அங்கே அது வசையாகிவிட்டது. திறந்த உள்ளங்கையால் சுட்டிக்காட்டப் பழகிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அரபு நாடுகளிலும் தாய்லாந்திலும் பாதத்தின் அடிப்பகுதி எதிரே இருப்பவருக்குத் தெரியும்படி கால்மேல் கால் போடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது தப்பு நடந்தால், ஒரே ஒரு ‘மன்னிக்கவும்’ போதும், பேச்சைத் தொடருங்கள். நீட்டி முழக்கினால், உங்களைத் தேற்றும் வேலை அவர்கள் தலையில் விழும்.