வீல் போல்ட் உடைந்தால் செய்யக்கூடாதவை

வீல் போல்ட் பெரும்பாலும் ஓடும்போது உடைவதில்லை. பஞ்சருக்காக வண்டியை ஓரம் கட்டி, வீல் ஸ்பேனரின் மேல் ஒருவர் ஏறி நின்று மிதிக்கும்போதுதான் 'டக்'கென்று போகும். உடைந்ததைவிட அதற்குப் பிறகு நடக்கிற அவசர வைத்தியம்தான் ஆபத்து. சின்ன வேலை வீல் பேரிங் வரைக்கும் போய் நிற்பது அதனால்தான்.

எதையும் தொடுவதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் சக்கரம் மாட்டப்படும் ஹப்பிலிருந்து ஸ்டட், அதாவது மரை வெட்டிய கம்பி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நட் போட்டு முடுக்குவோம். போலோ, ஸ்கோடா ரேபிட், ஃபியட் புன்டோ போன்றவற்றில் ஹப்பில் மரை வெட்டிய துளைதான் இருக்கும். போல்ட் வெளியிலிருந்து உள்ளே போகும். பொதுப் பேச்சில் இரண்டையும் போல்ட் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் எடுக்கும் முறை முழுக்க வேறு.

முதலில் போல்ட் வகை. தலை உடைந்ததும் சக்கரம் மாட்டியிருக்கும்போதே அதன் துளைக்குள் உளியையும் டிரில்லையும் விடுவதுதான் முதல் தவறு. வண்டி தரையில் இருக்கும்போதே மற்ற போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். தலை போனதுமே போல்ட்டை இழுத்துப் பிடித்திருந்த விசை போய்விடுகிறது. மிச்சமுள்ள துண்டு ஹப்பிலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றால், துருப்பிடிக்காத வண்டியில் வைஸ் கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பினாலே வந்துவிடும். சில சமயம் விரலாலேயே வரும். இதற்குப் போய் டிரில் போட்டு மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய பேர்.

துரு ஏறி இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். அதற்கும் அசையாமல், ஹப் முகத்தோடு சமமாக உடைந்திருந்தால்தான் டிரில் தேவை. அதிலும் நடுப்புள்ளி குத்தாமல் ஆரம்பித்தால், பிட் வழுக்கி ஹப் மரைக்குள் இறங்கிவிடும். உடைந்த முகம் மேடுபள்ளமாக இருப்பதால் முதலில் அரம் போட்டுச் சமப்படுத்திவிட்டு சென்டர் பஞ்ச் அடியுங்கள். இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் அதுவே நல்லது. துளைக்கிற வேகத்திலேயே துண்டு கழன்று வருவதுண்டு.

உடைந்த துண்டில் துளை போட்டு, அதற்குள் இறக்கித் திருப்பி எடுக்கும் 'ஈஸி அவுட்' கருவி பெயரில்தான் ஈஸி. கடினமான எஃகு, அதனால் முறுக்கினால் வளையாது, ஒடியும். போல்ட்டுக்குள் அது ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறவே ஏறாது. ஒல்லியான ஈஸி அவுட்டைப் பலம் கொண்ட மட்டும் திருப்புவதைவிட, துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பது எவ்வளவோ மேல். சூட்டிலேயே துருப்பிடி விட்டுவிடும். ஆனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை அந்த ஹப்பிலேயே மாட்டச் சொல்லுங்கள். வண்டியின் பாடியில் எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகத்தான் போகும். பேரிங்கின் உள்ளே குண்டுகளில் தீப்பொறிக் குழி விழுந்து, சில நாளில் உறுமல் சத்தம் ஆரம்பிக்கும்.

ஸ்டட் வகையில் பெரிய தவறு சுத்தியல். ஸ்டட்டின் கழுத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். ஹப்பின் பின்பக்கத்திலிருந்து அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அதனால் முன்பக்கத்திலிருந்து தட்டினால் பின்னால் விழும் என்பது உண்மைதான். ஆனால் ஹப் வண்டியிலேயே இருக்கும்போது ஓங்கி ஓங்கி அடித்தால் அந்த அடி முழுக்கப் பேரிங்குக்குத்தான் போகும். பந்து மூட்டு கழற்றும் பிரஸ்ஸோ, கனமான சி-கிளாம்போ வைத்துத் தள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றும்போது, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். ஹப்பைச் சுழற்றிப் பார்த்தால் பின்னால் தகடு வெட்டப்பட்ட இடம் சில வண்டிகளில் இருக்கும். பழைய ஸ்டட் வெளியே வருவதும் புதியது உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். இடமே இல்லாவிட்டால் ஹப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். புது ஸ்டட்டின் தலையைத் தேய்த்துச் சின்னதாக்கி நுழைக்கிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள், அந்தத் தலைதான் பின்னால் தாங்குகிறது.

புது ஸ்டட்டை இழுத்து உட்காரவைக்க, கிரீஸ் தடவிய மூன்று நான்கு வாஷர்களைப் போட்டு, ஒரு பழைய நட்டின் தட்டையான பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, கையால் முடுக்குங்கள். நல்ல நட்டையே போட்டு, காற்றழுத்தத்தில் முடுக்கும் ஏர் கன்னால் இழுத்தால், ஸ்டட் உட்காரும் முன்பே மரை போய்விடும். முடுக்கியபின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள்: ஸ்டட்டின் தலை ஹப்போடு ஒட்டி நிற்கவேண்டும். துளை தளர்ந்துபோய் ஸ்டட் சுற்றுகிறது என்றால் ஹப்பை மாற்றுவதுதான் வழி. பின்னால் இரண்டு புள்ளி வெல்டு வைத்துவிடலாம் என்பார்கள். கடினப்படுத்திய எஃகு வெல்டு சூட்டில் பலமிழந்தோ, எளிதில் ஒடியும்படி விறைத்தோ போகும். அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறமுடியாது.

சரி, புதியது வாங்கும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் சத்தமில்லாமல் தவறு நடக்கிறது. மாருதியின் மரை எம்12 குறுக்கு 1.25 (12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி), ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டாவில் எம்12 குறுக்கு 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், பிறகு இறுகும். 'துரு போல இருக்கு' என்று ஏர் கன்னை வைத்தால் முடிந்தது கதை. எந்த நட்டோ போல்ட்டோ, முதல் ஐந்தாறு சுற்று விரலால் போகவேண்டும். அடுத்தது நட்டோ போல்ட்டோ வீலில் உட்காரும் முகம். கூம்பு வடிவமும் இருக்கிறது, உருண்டை வடிவமும் இருக்கிறது. ஹோண்டாவின் சொந்த வீலுக்கும் ஃபோக்ஸ்வேகனுக்கும் உருண்டை; வெளியே வாங்கும் அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் மெல்லிய வளையம் அளவுக்குத்தான் ஒட்டும், ஓட ஓடத் தளரும். போல்ட் நீளம் கூடினால் பின்னால் பிரேக் பாகங்களில் போய் உரசும். ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டவே வேண்டாம், தலையில் பலத்தைக் குறிக்கும் 10.9 என்ற எண் பொறித்த, உங்கள் மாடலுக்கான வீல் போல்ட்டே வாங்குங்கள்.

ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பவற்றை மறந்துவிடுவதும் வழக்கம். நான்கு போல்ட் சக்கரத்தில் ஒன்று போனால் மீதி மூன்றும் அதன் பாரத்தைச் சுமந்திருக்கும். உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, அலை அலையாகக் கோடு விழுந்திருந்தால் அது இன்று உடைந்ததல்ல. தளர்ந்து ஓடி, நாள்பட விரிசல் விட்டது. அப்படியானால் அந்தச் சக்கரத்தின் எல்லா போல்ட்டுகளையும் மாற்றிவிடுங்கள், வீலின் துளைகள் நீள்வட்டமாகிவிட்டதா என்றும் பாருங்கள். அந்த ஒன்று இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்பார்கள். பக்கத்துப் பட்டறை வரை, மெதுவாக, அவ்வளவுதான். இரண்டு போயிருந்தால் வண்டியை ஓட்டாமல், ஏற்றித்தான் கொண்டுசெல்லவேண்டும்.

உடைந்த முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறி முடுக்கியதுதான் காரணம். சின்ன கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும், போலோவுக்கு 120. எழுபது கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றாலே 200-ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் இரும்புக் குழாயைச் செருகுகிறவர்களை என்ன சொல்ல! மரையில் எண்ணெய் தடவுவதும் இதே வேலையைத்தான் செய்யும்: உராய்வு குறைவதால் முடுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு அதே எண்ணைக் காட்டும்போதும் போல்ட் அதிகமாக இழுபடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து உலர்ந்தபடியே போடுங்கள். ஹப் முகத்தில் இருக்கும் துருவையும் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நசுங்கியபின் எல்லாம் தளரும். ஏர் கன் வேண்டுமானால் பிடிக்கும் அளவுக்கு மட்டும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால், குறுக்குக் குறுக்காக. 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கரம் ஆறியிருக்கும்போது மறுபடி ஒருமுறை அதே ரெஞ்சை வைத்துப் பாருங்கள். புது ஸ்டட் போட்ட சக்கரத்தில் ஏதாவது ஒரு நட் கொஞ்சம் திரும்பும்.