மறுசுழற்சிப் பொருளுக்கு பட்ஜெட் போடும்போது எங்கே தவறுகிறோம்

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கப் போகிறோம் என்று முடிவானதும், மறுசுழற்சிப் பொருளுக்காக மொத்தத்தில் ஏதோ ஒரு சதவீதத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இப்படிப் போட்ட பட்ஜெட் உதைப்பதைச் சிங்கப்பூர் சைட்டுகளில் பலமுறை பார்த்துவிட்டேன். பொருளின் விலை வித்தியாசம் பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான். கணக்கைத் தப்பாகப் போடுவதும், கேட்க வேண்டிய காகிதத்தை நேரத்தில் கேட்காததும்தான் பணத்தை விழுங்குகின்றன.

முதலில் கான்கிரீட். லீட் என்கிற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழின் நான்காம் பதிப்புக் (வி4) கணக்கில், மக்கள் பயன்படுத்தித் தூக்கிப்போட்டு மீண்டு வந்த பொருளுக்கு முழு மதிப்பு, தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்ததற்குப் பாதி மதிப்பு. ஜிஜிபிஎஸ் என்கிற இரும்பு உலைக் கசடுத் தூள் இரண்டாவது வகை. "சிமெண்டில் பாதி ஜிஜிபிஎஸ் போடுகிறோம், 400,000 வெள்ளி கான்கிரீட்டில் 200,000 கணக்கில் ஏறிவிடும்" என்று ஒருவர் நம்பிக்கையோடு சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அதில் 150 கிலோ ஜிஜிபிஎஸ் என்றால் எடையில் 6.25 சதவீதம், அதிலும் பாதிதான் செல்லும், ஆக 400,000 வெள்ளிக்கு 12,500 வெள்ளிதான் ஏறும். சிமெண்ட் வகைப் பொருள்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்கிடவும் லீட் இடம் கொடுக்கிறது, அப்படிச் செய்தால் தொகை கூடும். ஆனால் அதற்கு, கான்கிரீட் கலந்து அனுப்பும் பேட்சிங் பிளான்ட் அந்த விலையைத் தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆர்டர் கையில் வருவதற்கு முன்னால் கேட்டால் கொடுப்பார்கள், அப்புறம் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

அடுத்தது கொட்டேஷன். சப்ளையும் பொருத்தும் கூலியும் ஒரே தொகையாக வந்தால் அதை அப்படியே கணக்கில் போட முடியாது. பொருளின் விலை, வரி, சைட் வரைக்குமான போக்குவரத்து ஆகியவை சேரும். இறக்கிய பிறகு ஆகும் கூலியும் இயந்திரச் செலவும் சேராது. அளவும் செலவும் கணக்கிடும் கியூஎஸ் ஆரம்பத்திலேயே இரண்டு பத்தியாகக் கேட்டு வாங்கிவிட்டால் பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை.

கான்கிரீட்டுக்குள் போடும் எஃகுக் கம்பி விஷயத்தில் நாம் கையில் இருப்பதையே கோட்டை விடுகிறோம். மின்வில் உலையில் பழைய இரும்பை உருக்கிச் செய்யும் கம்பியில் மறுசுழற்சி அளவு மிக அதிகம், ஜூரோங்கிலேயே அப்படிப்பட்ட ஆலை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. ஆனால் ஆலையின் ஆதாரக் காகிதம் இல்லையென்றால் லீட் கணக்கில் எஃகுக்கு 25 சதவீதம்தான் எடுத்துக்கொள்ளலாம். ஒரு காகிதம் வாங்காததால் விட்ட சான்றிதழ்ப் புள்ளியை, விலை கூடிய தரைவிரிப்பும் மரப்பலகையும் வாங்கி ஈடுகட்டப் பார்ப்பதைப் போல வீண் செலவு வேறு இல்லை.

கிரீன் மார்க்குக்கும் லீட்டுக்கும் ஒரே கணக்குத் தாளை வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. 2005இல் சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையமான பிசிஏ தொடங்கிய பசுமைக் கட்டடச் சான்றிதழான கிரீன் மார்க் வேறு அளவுகோல்களைப் பார்க்கிறது: பசுமைப் பொருள் முத்திரை, பொருளில் அடங்கிய கரிமம் (அதைச் செய்து கொண்டுவருவதில் வெளியாகும் கரிமம்) போன்றவை. முத்திரை வாங்கியது எந்த மாடல், அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். ஒரு கம்பெனியின் ஒரு பொருளுக்குக் கிடைத்த முத்திரை அதன் கேட்டலாக் முழுவதற்கும் பொருந்தாது.

இடித்த கட்டடத்திலிருந்து வரும் ஜல்லியைப் போடத் திட்டமிட்டால் நேரத்துக்கும் பட்ஜெட் போடுங்கள். பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அது தண்ணீரை அதிகம் குடிக்கும், கலவையை மாற்றிப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் கியூப் டெஸ்ட் 28 நாள். முதல் கலவை தேறாவிட்டால் இன்னொரு 28 நாள், அதற்குள் ஊற்றும் தேதி வந்துவிட்டால் சாதாரண ஜல்லிக்கே திரும்ப வேண்டியதுதான்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு அலுவலக உள்வேலையில் சீலிங் பலகைக்கு வந்த கடிதத்தில் "மறுசுழற்சிப் பொருள் உண்டு" என்று மட்டும் இருந்தது, எத்தனை சதவீதம் என்று இல்லை. நானும் அன்று சரி என்று வாங்கி ஃபைலில் வைத்துவிட்டேன். சாவி கொடுத்த பிறகு அந்தச் சதவீதத்துக்காக மூன்று மாதம் அலைந்தேன். அதற்குள் சப்ளையருக்குப் பணம் முழுவதும் போய்விட்டிருந்தது, நாங்கள் கேட்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து டெண்டரிலேயே எழுதிவிடுகிறேன்: மக்கள் பயன்படுத்தியது, தொழிற்சாலைக் கழிவு என்ற இரண்டு வகைச் சதவீதமும் தனித்தனியாகக் குறித்த கடிதம், ஆலை தரும் மில் சர்ட்டிபிகேட், பொருள் வந்து சேர்ந்ததற்கான டிஓ மூன்றும் வந்தால்தான் அந்தப் பொருளுக்கான பில் நகரும். இந்தக் காகிதங்களைத் துரத்த ஒரு ஆளின் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுகிறேன்.

பாதி வழியில் துணை ஒப்பந்தக்காரரான சப்கான் "இதே மாதிரி விலை குறைவாக ஒன்று இருக்கிறது அண்ணே" என்று மாற்றுப்பொருளோடு வருவார். எவ்வளவு மிச்சம் என்பதற்குப் பக்கத்திலேயே எத்தனை புள்ளி போகும் என்றும் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.