கேசட்டா, சிடியா: பாட்டுச் சேகரிப்பைத் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

திருப்பூர், ஈரோடு, கோபி பக்கத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை இறக்கும்போது, அட்டாலியில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகள் அகப்படுவது வழக்கம். அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் பாட்டைப் பொருளாகக் கையில் வைத்திருக்கும் ஆசை திரும்புகிறது. இந்தக் கேசட்டுகளோடு மேலும் சேர்ப்பதா, இல்லை சிடியாக வாங்கத் தொடங்குவதா என்ற கேள்வி உடனே எழுகிறது. இரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருபவன் என்ற முறையில் நான் சொல்லும் வரிசை இது: எதில் போட்டுக் கேட்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், தேடும் பாட்டு எந்த வடிவில் கிடைக்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும், எதில் ஒலி நயம் என்ற வாதத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கருவி

சிடிக்குக் கருவி ஒரு பொருட்டே அல்ல. அலமாரியில் தூங்கும் பழைய டிவிடி பிளேயரின் பின்புறத்துச் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் போட்டுவிட்டால் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே நிறைவாக இருக்கும். காரில் கேட்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும், ஏனெனில் புதிய கார்களில் சிடி போடும் இடமே இருப்பதில்லை.

கேசட்டின் கதை வேறு. அதன் கருவி மோட்டார், ரப்பர் பெல்ட், உருளை, நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட் என்று பல உறுப்புகளால் ஆனது, பெரும்பாலும் அசைபவை. முப்பது ஆண்டுகள் ஓடாமல் கிடந்த டேப் ரிக்கார்டரில் முதலில் கெடுவது பெல்ட்தான்: சில தளர்ந்துபோயிருக்கும், சில தார் போல உருகிச் சக்கரத்தில் ஒட்டியிருக்கும். ஆகவே கடையில் "ஓடுகிறது" என்று சொல்லிக் காட்டும் டூ இன் ஒன்னை (ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டியை) வாங்குமுன், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கேசட்டை எடுத்துப்போய், இரண்டு பக்கமும் பத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கடைசி வரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்க வேண்டும். நாதசுரமோ வீணையோ உள்ள பதிவாக இருந்தால் நல்லது. வேகத்தில் சிறு தள்ளாட்டம் இருந்தாலும் நீண்ட சுரத்தில் அது நடுக்கமாகக் காதில் விழுந்துவிடும்.

இதை நான் நட்டப்பட்டே கற்றேன். கோவையில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிவந்த டூ இன் ஒன்னில், சோதிக்கும் பொறுமை இல்லாமல், சித்தப்பா கொடுத்த கேசட்டையே முதலில் போட்டேன். ஒரு பாட்டு ஒழுங்காக ஓடியது. இரண்டாம் பாட்டில் குரல் குழைந்து, அடைத்து, நின்றுபோயிற்று. நாடாவை உள்ளிருந்து தள்ளும் உருளை சுழன்றுகொண்டிருக்க, அதை வாங்கிச் சுருட்ட வேண்டிய பக்கம் தளர்ந்து நின்றுவிட்டதால், வெளிவந்த நாடா முழுவதும் ரப்பர் உருளையைச் சுற்றிக்கொண்டது. அப்போது மட்டும் புத்தி வந்தவனாகக் கேசட்டைப் பிடித்து இழுக்காமல், மின்சாரத்தை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, பெரிய சக்கரத்தை விரலால் பின்னோக்கித் திருப்பித் திருப்பி நாடாவை அவிழ்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு விசிறி மடிப்புப் போல அது கசங்கியிருந்தது. இன்றும் அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஒலி ஒரு கணம் தண்ணீருக்குள் போய்வரும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ அருகில் உள்ள வீடுகளில் அது டெக்கின், அதாவது கேசட் ஓடும் கருவியின், ஹெட்டிலும் உருளையிலும் மெல்லிய பஞ்சணை போலப் படிந்து, நாடாவிலிருந்து உதிரும் பழுப்பு மாவோடு கலந்து கெட்டியாகிவிடும். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டைத் துடைத்தால், குச்சி தேநீர் நிறத்தில் திரும்பிவரும். குச்சி வெள்ளையாகவே திரும்பும் வரை துடைப்பதே கணக்கு. ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

இத்தனை வேலையும் தொல்லையாகத் தோன்றினால் கேசட் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அதில் ஒரு குறைவும் இல்லை.

எந்தப் பாட்டு எதில் இருக்கிறது

திரைப்பாடல்களும் கர்நாடக இசைக் கச்சேரிகளும் வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது சிடி. அவற்றில் பெரும்பகுதி சிடியாக வந்திருக்கிறது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதியிருப்பதால், நல்ல மூலத்திலிருந்து எடுத்த சிடியில் இரைச்சல் என்பதே இராது. கேசட்டில்தான் "இதம்" இருக்கிறது என்று நண்பர்கள் வாதிடுவார்கள். எனக்கும் அந்த மெல்லிய "உஸ்" பிடிக்கும். ஆனால் அது சிறுவயது நினைவின் சுகமே தவிர, ஒலியின் தரம் அல்ல. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அதற்குள் இரு பக்கத்துக்குமாக நான்கு தடங்கள், வேகமோ நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அவ்வளவு ஒடுங்கிய தடத்தில் ஹெட் இம்மியளவு சாய்ந்தாலும் சலங்கையும் சிம்பலும் மங்கிப்போகும்.

ஆனால் சிடியாக ஒருபோதும் வராத ஒலிகள் இந்தப் பகுதியில் ஏராளம். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடிய கேசட்டுகள், மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட்டில் போட்ட உள்ளூர்க் கும்மிப் பாடல்கள், கோயில் மேடைச் சொற்பொழிவுகள், பட்டிமன்றங்கள் ஆகியவற்றில் பலவும் நாடாவோடு நின்றுவிட்டவை. வீட்டில் பதிந்தவை அவற்றினும் அரியவை. என் அம்மிச்சி வீட்டுப் பெட்டியில் "கல்யாணம்" என்று மட்டும் எழுதிய ஒரு கேசட் கிடந்தது, அதில் மங்கல வாழ்த்துப் பாடுபவரின் குரலும், ஒவ்வோர் அடியின் முடிவிலும் இடையிட்டு முழங்கும் மத்தளமும், நடுவே யாரோ "இலை போட்டாச்சா?" என்று கேட்பதும் பதிவாகியிருந்தன. இத்தகைய பெட்டி கைக்கு வந்தால், கேசட் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகள். 1980களில் சிற்றூர்க் கடைவீதிகளிலும் அப்படி ஒரு கடை இருந்தது. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், இசைத்தட்டிலிருந்து பதிந்து, உள்ளட்டையில் மணிமணியான கையெழுத்தில் பாட்டின் முதலடியும் படத்தின் பெயரும் எழுதித் தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒன்பது என்பது அன்றைய பொதுக் கணக்கு. காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் அவை ஒப்புக்கொள்ளத்தக்கவை அல்ல என்பது உண்மைதான். ஆயினும் அவற்றை வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது: பிற்காலத்தில் வந்த சில சிடிகளில் எதிரொலி கூட்டியும், புதிய தாளக் கருவிகளைச் சேர்த்தும் பழைய பாட்டை மாற்றியிருக்கிறார்கள், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்த கேசட்டிலோ, ஊசியின் கரகரப்போடு இருந்தாலும், அன்று வெளிவந்த ஒலி அப்படியே இருக்கும்.

சிடி வாங்கும்போது

முதலில் அது ஆடியோ சிடிதானா என்று பார்க்க வேண்டும். பேருந்து நிலைய நடைபாதைகளில் "150 பாடல்கள்" என்று விற்றவை எம்பி3 சிடிகள். 700 எம்பிக்குள் அத்தனை பாட்டை அடக்க ஒலியைப் பெரிதும் சுருக்கியிருப்பார்கள். ஆடியோ சிடியில் 74 அல்லது 80 நிமிடத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே பதினைந்து பாட்டுக்குச் சற்று முன்பின்னாக இருப்பதே இயல்பு. அடுத்து, தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டு வெள்ளி போல மின்னும், கணினியில் எழுதிய தட்டு பச்சை, நீலம் அல்லது ஊதாச் சாயல் காட்டும். பின்னதில் தகவல் சாயத்தில் பதிந்திருப்பதால் வெயிலும் வெப்பமும் அதை அழித்துவிடும். காசு கொடுத்து வாங்கத் தக்கதல்ல.

கீறலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எல்லோரும் அடிப்பக்கத்தையே பொத்திப் பாதுகாக்கிறார்கள். ஆனால் தட்டின் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் தகவல் இருக்கும் அலுமினியப் படலம் படம் அச்சிட்ட மேற்பக்கத்தை ஒட்டி, மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அடிப்பக்கத்துக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய முடியும். மேற்பக்கத்தில் பேனா முனை குத்தினால் அந்த இடம் போனது போனதுதான். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் விட்டுவிடலாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை தகவல் அழிந்தாலும் பிளேயர் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டமாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடுவதால் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

கேசட் வாங்கும்போது

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவது போலவே நேரம் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது. மொத்தமாகச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவது வீண். கேசட்டின் திறந்த வாய்ப்பகுதியில் செம்புத் தகட்டின் மேல் ஒட்டிய சிறு பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்துவது அதுதான், விழுந்திருந்தால் ஒலி வராது அல்லது விட்டுவிட்டு வரும். கண்ணாடி வழியே சுருளைப் பார்த்தால், விளிம்பில் வெண்பொடி படிந்திருப்பது பூஞ்சை. அதை வீட்டு டெக்கில் போட்டால் ஹெட்டும் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். ஐந்து திருகாணிகள் உள்ள ஓடு, ஒட்டி அடைத்த ஓட்டைவிட மேல். நாடா அறுந்தால் திறந்து ஒட்டலாம். 120 என்று எழுதிய கேசட்டுகளை நான் தொடுவதில்லை: அறுபதின் நாடா ஏறத்தாழ 18 மைக்ரான் கனம், தொண்ணூறு 12, நூற்றிருபது வெறும் 9, பழைய டெக்குகள் அதைத்தான் முதலில் விழுங்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆறு பட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, சில சுற்றுகள் திருப்பித் தளர்ச்சியை எடுத்துவிட வேண்டும். பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால், கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது.

வைக்கும் இடம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலும், மேலே வால்பாறையிலும் ஈரமே எதிரி. கரூர், ஈரோடு பக்கத்தில் சித்திரை வெயில். இரண்டுக்கும் பொதுவான விதி, தகரக் கூரைக்கு அடியில் உள்ள அட்டாலியிலும் கார் டாஷ்போர்டிலும் வைக்கக்கூடாது என்பது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கேசட்டுகளை நிற்கவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இடையில் போடலாம். திருப்பூரில் ஏற்றுமதிப் பெட்டிகளோடு புழங்குபவர்களுக்கு அது கிடைப்பது கடினமல்ல. ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பக்கத்தில் மட்டும் நாடாவை வைக்கக்கூடாது. சிடிக்கு அந்தக் கவலை இல்லை.

நாடா நாளுக்கு நாள் தேய்வது என்பதால், வேறெங்கும் கிடைக்காத கேசட்டைக் கையில் கிடைத்த வாரமே கணினியில் ஏற்றிவிட வேண்டும். டெக்கின் லைன் அவுட் என்ற ஒலி வெளிவரும் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் தரம் குறையாமல் அது ஏறக்குறைய பாதியாகும். இரைச்சலை நீக்கும் கருவியை அந்த மூலக் கோப்பில் பயன்படுத்த வேண்டாம். வேண்டுமானால் நகலில் செய்து பார்க்கலாம்.

உள்ளட்டைகளையும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் வைத்துவிடுவது நல்லது. சித்தப்பாவின் கேசட்டில் பட்டியலின் ஏழாவது வரியை அடித்துவிட்டு, "தட்டு கிடைக்கவில்லை, வேறு பாட்டு போட்டிருக்கிறேன்" என்று கடைக்காரர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அது என்ன பாட்டு என்பது கேட்டால்தான் தெரியும்.